மூடு கந்தோரின் வாசலில்

சென்ற மாதம் கொழும்பிலிருந்து இரண்டு பேர் தோட்டவெளியில் உள்ள என் வீட்டைத் தேடி வந்தார்கள். மன்னாரில் ஒரு காலத்தில் இயங்கிய ஃபிறீமேசன் என்ற இரகசியச் சகோதரர் சங்கத்தின் லொட்ஜ் வரலாற்றை எழுதுகிறார்களாம். எந்த ஆண்டில் யார் தலைவராக இருந்தார் என்பதெல்லாம் அவர்களிடம் ஒழுங்காக இருந்தது. கோட்டும் வெள்ளைக் கையுறையும் அணிந்தவர்கள் வரிசையாக நிற்கும் பழைய படங்களும் இருந்தன. எந்தப் படத்திலும் நான் இல்லை. படம் எடுத்த நேரத்திலும் நான் வாசலில்தான் நின்றிருப்பேன்.

"லொட்ஜிலை வேலை செய்த ஒருத்தர் இன்னும் இருக்கிறார் எண்டு எங்களுக்கு இப்பத்தான் தெரியும், ஐயா. ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்கோ" என்றார் இளையவர்.

தேநீர் ஆறும்வரை பேசினேன். அவர்கள் கேட்டது கட்டடத்தைப் பற்றி, தளபாடங்களைப் பற்றி. அவர்கள் போன பிறகு வேலிப் பக்கம் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தபோது, அவர்கள் கேட்காதவைதான் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றை எழுதி வைக்கிறேன்.

நான் பிறந்தது மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அப்பா துரைமாரின் கிளப்பில் சாப்பாட்டு மேசை பார்த்தவர். வெள்ளிக் கரண்டியை எப்படித் துலக்குவது, மேசை விரிப்பின் மடிப்பு எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதெல்லாம் அவரிடம் பழகினேன். கலவரத்தில் எங்கள் லயம் எரிந்த பிறகு வடக்கே வந்து, வெள்ளாங்குளத்தில் காடு வெட்டிக் குடியேறினோம். மன்னார் டவுனில் மூட்டை தூக்கிய காலத்தில் ஹமீது முதலாளியின் பழக்கம் கிடைத்தது. எருக்கலம்பிட்டிக்காரர். டவுனில் துணிக்கடையும் பலசரக்குக் கடையும் வைத்திருந்தார். அவர் வீட்டு விருந்தொன்றில் நான் கோப்பைகளை அடுக்கிய விதத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி சுப்பையா, நம்மட லொட்ஜுக்கு ஒரு ஆள் தேவை. வாயைத் திறக்காத ஆள். வாறீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்காமலே தலையை ஆட்டினேன். வேலை கிடைத்தது.

கடற்கரைக்குப் போகும் மணல் வீதியில், அடி பருத்த ஒரு பெருக்கமரத்தின் பக்கத்தில் இருந்தது அந்தக் கட்டடம். பவளக்கல் வைத்துக் கட்டிய தடித்த சுவர். யன்னல்கள் ஆள் உயரத்துக்கும் மேலே. மாதத்தில் ஒருநாள் தவிர எந்நாளும் பூட்டியிருக்கும். அந்த ஒருநாளும் கதவைச் சாத்திக்கொண்டுதான் கூடுவார்கள். அதனால் ஊர் அதற்கு மூடு கந்தோர், மூடிய அலுவலகம், என்று பெயர் வைத்திருந்தது. உள்ளே மண்டையோடு இருக்கிறது, பேசுகிற ஆடு இருக்கிறது, சேருகிறவன் தன் தலைப்பிள்ளையைப் பலி கொடுக்க வேண்டும் என்றெல்லாம் கதைகள். மாதாவை வணங்குகிற சனம் அந்த வீதியால் போகும்போது சிலுவை போட்டுக்கொள்ளும்.

உண்மையில் உள்ளே இருந்தது ஒரு நீண்ட அறை. நடுவில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கம்பளம். மூன்று உயரமான மெழுகுதிரித் தண்டுகள். கூரையின் உட்புறத்துக்கு நீலம் பூசி, நிறைய நட்சத்திரங்கள் வரைந்திருந்தார்கள். ஒரு பறங்கி எஞ்சினியர் முன்னொரு காலத்தில் சாரம் கட்டி மல்லாந்து கிடந்து வரைந்தவையாம். உப்புக் காற்றில் சில உரிந்து விழுந்திருந்தன. பகலில் கூட்டும்போது கம்பளத்தில் வெள்ளிப் பொட்டு ஒன்று கிடந்தால், மேலே பார்த்து எது விழுந்தது என்று தேடுவேன். கண்டுபிடித்ததே இல்லை.

என்னையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டுதான் வேலையில் வைத்தார்கள். கண்ணைக் கட்டி அழைத்துப் போனதும் சத்தியம் செய்ததும் உண்மை. அதற்கு மேல் சொல்லமாட்டேன். என் பதவிக்கு ரைலர் என்று பெயர். கூட்டம் நடக்கும்போது கையில் உருவிய வாளோடு கதவுக்கு வெளியே நிற்பவன். ஊருக்கு இது விளங்கவில்லை. தையல்காரன் என்று நினைத்து ஒரு அம்மா மகளின் பெருநாள் சட்டைத் துணியோடு வந்து அளவு எடுக்கச் சொன்னார். "நான் தைக்கிற ரைலர் இல்லைங்க" என்றேன். "அப்ப என்னத்துக்கு அந்தப் பேர்?" என்று கோபித்துக்கொண்டு போனார்.

வேலை மத்தியானமே தொடங்கிவிடும். முதலில் கம்பளத்தை விரித்து, அதன் விளிம்பு கிழக்கைப் பார்க்கிறதா என்று பார்ப்பேன். பிறகு கிழக்கில் தலைவரின் கதிரை, மேற்கிலும் தெற்கிலும் அவருக்கு அடுத்த இருவரின் கதிரைகள். நடுப் பீடத்தில் பைபிள், குர்ஆன், கீதை, தம்மபதம். ஒன்றின் மேல் ஒன்று வைக்கக் கூடாது, பக்கத்தில் பக்கத்தில். தம்மபதம் புகையிரதப் பகுதியில் இருந்த ஒரு சிங்கள ஐயாவுக்காக. அவர் மாற்றலாகிப் போன பிறகும் அதை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். கடைசியாக லொட்ஜின் சின்னமான மூலைமட்டமும் கவராயமும். அதன் பிறகு எல்லாரும் உள்ளே போவார்கள். நான் வெளியே வருவேன். கதவு சாத்தும்.

அந்த நேரங்களைப் போல ஒரு அமைதியை நான் பிறகு கண்டதில்லை. உள்ளே இருந்து குரல்கள் தண்ணீருக்கு அடியில் இருந்து வருவதுபோல வரும். சொற்கள் பிடிபடாது. கேள்வி ஏறும், பதில் இறங்கும், நடுவில் சுத்தியல் தட்டும். வெளியே பெருக்கமரத்து நிழலில் கழுதைகள் நின்றபடி உறங்கும். மாலை வெயில் மணலில் படுத்துக் கிடக்கும். வாளைப் பிடித்துக்கொண்டு நின்றால், நான் நிற்கிறேனா, அந்தக் கழுதைகளின் உறக்கத்துக்குள் இருக்கிறேனா என்று தெரியாது.

தலைவராக இருந்தவர் டொக்டர் செல்வரட்ணம். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்று, வீட்டில் நோயாளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி இல்லை, பிள்ளைகள் வெளிநாடு. எல்லாருக்கும் முன்னதாக வந்து ஒவ்வொரு கதிரையின் முதுகையும் தொட்டுக்கொண்டு அறையைச் சுற்றி வருவார். பிழை கண்டால் திட்டமாட்டார். அதற்கு முன்னால் நின்று, நானாகவே பார்க்கும்வரை பொறுத்திருப்பார். ஒருநாள் மெழுகுதிரித் தண்டு ஒன்று இடம் மாறியிருந்தது. "சுப்பையா, அது உங்களை ஏதோ கேக்குது போல கிடக்கு" என்றார். தோட்டத்திலும் சரி, டவுனிலும் சரி, அவ்வளவு படித்த ஒருவர் என்னை நீங்கள் என்று சொன்னது அதுவே முதல் தடவை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் பேசத் தொடங்கினால் மற்றவர்கள் கதிரையின் நுனிக்கு வருவார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை மறுபடி தொடங்கியபோது லொட்ஜ் ஏற்கெனவே மெலிந்திருந்தது. ஒருவர் கொழும்புக்கு, ஒருவர் கனடாவுக்கு, இருவர் பேசாலையில் படகேறி இந்தியாவுக்கு. முன்பெல்லாம் முழுநிலவை ஒட்டிய சனிக்கிழமை மாலையில் கூடுவார்கள், நிலவு வெளிச்சத்தில் வீடு திரும்பலாம் என்பதற்காக. இப்போது இருட்டும் முன் எல்லாரும் வீட்டில் இருக்க வேண்டும். கூட்டம் மத்தியான வெயிலுக்கு மாறியது. ஏழு பேர் இல்லாமல் லொட்ஜைத் திறக்க முடியாது. அன்றைக்கு வாசலில் நின்ற என்னையும் சேர்த்துச் சரியாக ஏழு பேர்.

கதவு சாத்திச் சற்று நேரத்தில் கோட்டைப் பக்கம் ஷெல் அடிக்கத் தொடங்கியது. கழுதைகள் விழித்து ஓடின. வீதியில் சனம் ஓடி வந்தது. கடைசியாக ஒரு உழவு இயந்திரம் பெட்டியோடு வந்து எங்கள் படலைக்கு முன்னால் நின்றது. பெட்டிக்குள் ஒரு பெண் பாயில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய மாமியும், திரேசம்மா மிஸியும். மிஸி ஊரறிந்த மருத்துவமாது. வழியில் கண்டு ஏறியிருக்கிறார்.

மாமியை எனக்குத் தெரியும். எங்கள் வெள்ளாங்குளத்து ஆள். "தம்பி, ஆஸ்பத்திரிப் பக்கம் போக ஏலாது, அங்கிட்டும் விழுகுது. பாக்கியத்துக்குத் தண்ணிக் குடம் உடைஞ்சிருச்சு. இந்தக் கல்லுக் கட்டடத்துக்குள்ள விடுங்க!" என்று அழுதார்.

என் வேலை ஒன்றே ஒன்று. கூட்டம் நடக்கும்போது வெளியாள் யாரையும் விடக் கூடாது. அதிலும் பெண்கள் அந்த அறைக்குள் கால் வைத்ததே இல்லை. கதவில் தட்டுவதற்கும் முறை இருக்கிறது, இன்ன செய்திக்கு இன்ன தட்டு என்று. பிள்ளைப்பேற்றுக்கு ஒரு தட்டும் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை. வாளைச் சுவரில் சாத்திவிட்டு இரண்டு கையாலும் கதவில் அடித்தேன்.

உள்ளே குரல்கள் நின்றன. உள்வாசலில் நின்ற தபால் அதிபர் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்.

"என்ன சுப்பையா இது? விசரே?"

"ஐயா, புள்ளை பொறக்கப் போகுது!"

"ஆருக்கு?"

நான் கையைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு முகம் வெளிறி உள்ளே திரும்பினார். திறந்த இடுக்கால் முதல் தடவையாகக் கூட்டத்தின் பேச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஒரு பொம்பிளை உள்ளுக்கு வந்தா இது பிறகு லொட்ஜே இல்லை, டொக்டர்" என்றது ஒரு கிழவரின் குரல். அதில் கெட்ட எண்ணம் இல்லை. பயம்தான் இருந்தது. "எங்கட காலத்திலை இது நடக்க வேணுமே?"

மேலே ஒரு ஷெல் கூவிக்கொண்டு போனது. அது விழுந்து முடிந்த பிறகு, டொக்டர் வழக்கமான அந்தத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"லொட்ஜை மூட நேரம் இல்லை. ஆனா வேலையை நிப்பாட்டி இளைப்பாறப் போக விதி இருக்கு. பிரதர் ஹமீது, இளைப்பாற விடுங்கோ."

கூட்டத்தின் நடுவே சாப்பாட்டுக்காகவோ களைப்பாறவோ இப்படி நிறுத்துவதுண்டு. அந்த நேரம் எல்லாரும் தெற்குக் கதிரையில் இருப்பவரின் பொறுப்பு. தெற்குக் கதிரை ஹமீது முதலாளியுடையது. அவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஷெல்லுக்கு நடுவிலும் ஒரு சொல்லை விழுங்காமல் சொன்னார். சுத்தியல் விழுந்தது. டொக்டர் பீடத்தில் இருந்த நான்கு புத்தகங்களையும் தானே மூடி அலுமாரிக்குள் வைத்தார். பிறகு கதவு முழுக்கத் திறந்தது.

கூட்டத்தில் அணிகிற வெள்ளைத் தோல் ஏப்ரன் கட்டியபடி ஆறு பேர் வெளியே வந்து நின்றார்கள். ஊர் அவர்களை அந்தக் கோலத்தில் கண்டதே இல்லை. படலையில் நின்ற சனம் ஒரு கணம் ஷெல்லை மறந்து பார்த்தது. "இவங்க சமையக்காரங்களா?" என்று மாமி என்னிடம் கேட்டார்.

பாக்கியத்தைப் பாயோடு தூக்கி வந்தோம். வாசற்படியில் திரேசம்மா மிஸி நின்றுவிட்டார்.

"டொக்டர், குறை நினையாதேங்கோ. இதுக்குள்ள பேய் வைச்சிருக்கினம் எண்டு சின்னனிலை இருந்து கேட்டு வளர்ந்தனான். நான் உள்ளுக்கு வரமாட்டன்."

"உள்ளுக்குப் பைபிள் இருக்கு, மிஸி. எடுத்துத் தாறன். கையிலை வைச்சிருங்கோ."

"அதைக் கையிலை வைச்சிருந்தா பிள்ளையை ஆர் பிடிக்கிறது?"

பாயில் கிடந்த பாக்கியம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "பேயோ பிசாசோ, என்னைக் கீழ வைங்க!"

மிஸி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். ஹமீது முதலாளி தன் கடைக்கு ஓடி ஒரு கட்டு வெள்ளைத் துணியோடு திரும்பி வந்தார். கம்பளத்தின் மேல் துணியை விரித்து அவளைக் கிடத்தினார்கள். அவள் கண்ணைத் திறந்து மேலே பார்த்தாள்.

"ராவாயிருச்சா?" என்று கேட்டாள். "வெள்ளி தெரியுதே."

"இல்லை மகள். பகல்தான். அது நாங்கள் வைச்சிருக்கிற வெள்ளி" என்றார் டொக்டர், கைகளைக் கழுவிக்கொண்டே.

கதவைச் சாத்தினார்கள். நான் மறுபடியும் வெளியே. பழைய மாதிரியே உள்ளிருந்து குரல்கள் சொல் பிடிபடாமல் வந்தன. ஆனால் இப்போது அவை பெண்களின் குரல்கள். சுவரில் சாத்தியிருந்த வாளை எடுக்கக் கை போகவில்லை. ஹமீது முதலாளியும் மற்றவர்களும் ஏப்ரனோடு பெருக்கமரத்தடியில் அடுப்பு மூட்டித் தண்ணீர் கொதிக்க வைத்தார்கள். பொழுது சாயும் நேரம் பிள்ளை அழுதது. பெருக்கமரத்தடியில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள், ஏன் எழுந்தோம் என்று தெரியாமலே.

அதன் பிறகு அந்தக் கதவு மூடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வழி இல்லாத கர்ப்பிணிகள் ஒவ்வொருவராக மூடு கந்தோருக்கு வந்தார்கள். டொக்டர் பெரிய கதிரைகளை ஓரமாக்கிக் கட்டில்கள் போட்டார். திரேசம்மா மிஸி மேற்குக் கதிரையில் சாய்ந்து பகலில் சிறு தூக்கம் போடுவார். பிள்ளைப்பேறு தவிர மற்ற நேரங்களில் நான் உள்ளேயும் வெளியேயுமாக இருந்தேன். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், பிள்ளைத் துணி எல்லாம் ஹமீது முதலாளியின் கடையில் இருந்து வந்தன. ஏன் இவ்வளவு செய்கிறார் என்று மிஸி கேட்டதற்கு, "டொக்டர் இன்னும் எங்களை வேலைக்குத் திருப்பிக் கூப்பிடேல்லையே. இளைப்பாற விட்டது நான். அது முடியுமட்டும் சாப்பாடு என்ட பொறுப்பு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஒருநாளும் தவறவில்லை.

அவருடைய மகள் நஸீமாவுக்கும் மாதம் நெருங்கியிருந்தது. புருஷன் சவூதியில். பிள்ளைப்பேறு இங்கேதான் என்று பேசி வைத்திருந்தார்கள். ஒரு மாலை தகப்பனோடு வந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "வாப்பா, இவ்வளவு நாளும் இதைத்தானா ஒளிச்சு வைச்சிருந்தீங்கள்?" என்று கேட்டாள். ஹமீது முதலாளி வெட்கப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

ஐப்பசியில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று வீதி வீதியாகப் போனது. முஸ்லிம் சனம் எல்லாம் மன்னார்த் தீவை விட்டுப் போய்விட வேண்டும் என்று இயக்கப் பெடியள் அறிவித்தார்கள். கொண்டு போகக்கூடியது கையில் உள்ளது மட்டும். அறிவிப்பு எங்கள் வாசலையும் கடந்து போனது. உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்று கொதித்துக்கொண்டிருந்தது ஹமீது முதலாளியின் அரிசி.

டொக்டர் சட்டை மாற்றி, கழுத்துப்பட்டி கட்டி, பெடியளின் முகாமுக்கு நடந்து போனார். நிறைமாதப் பெண் ஒருத்தியைப் படகில் ஏற்ற முடியாது, பிள்ளை பிறக்கும்வரை அந்தக் குடும்பத்தையாவது இருக்க விடுங்கள் என்று கேட்கப் போனார். திரும்பி வந்தபோது நான் படலையில் நின்றேன்.

"என்ன சொன்னாங்க ஐயா?"

"நல்ல மரியாதையா இருத்தித் தேத்தண்ணி தந்தவங்கள்" என்றார். கழுத்துப்பட்டியை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த மாலை முழுவதும் கத்தரிக்கோல், நூல், மருந்துப் போத்தல் என்று ஒவ்வொன்றாகத் துடைத்துத் தன் பையில் அடுக்கினார். நான் ஏதோ பிரசவத்துக்கு என்று நினைத்தேன். கடைசியாக லொட்ஜின் கதவுத் திறப்பை எடுத்துத் திரேசம்மா மிஸியின் கையில் கொடுத்தார்.

"இது உங்களிட்டை இருக்கட்டும், மிஸி. சுப்பையா உங்களோட நிப்பார்."

மிஸி திறப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு என்னை விட முந்தி விளங்கிவிட்டது. "சுகமாப் போட்டு வாங்கோ, டொக்டர்" என்று மட்டும் சொன்னார்.

காலையில் எருக்கலம்பிட்டிக் கரையில் ஊரே மணலில் இருந்தது. பேச்சுக் குறைவு. பிள்ளைகள்கூட அழவில்லை. கடல் குளத்தைப் போல அசையாமல் கிடந்தது. வானமும் தண்ணீரும் ஒரே வெளிறல். படகுகள் எதன் மேல் நிற்கின்றன என்று சொல்ல முடியவில்லை. என் ஒரு கையில் டொக்டரின் பை, மறுகையில் அவருடைய கறுத்தக் குடை. நான் அவருக்குப் பின்னால் நடந்தேன்.

கரையில் துவக்கோடு நின்ற பெடியன் டொக்டரை மறித்தான். மீசை சரியாக அரும்பாத முகம்.

"டொக்டர், நீங்கள் ஏன் போறியள்? உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"எனக்குச் சொல்லேல்லை எண்டு தெரியும், தம்பி."

"அப்ப?"

"அந்தப் படகிலை ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கிறா. டொக்டர் ஒருத்தரும் இல்லை."

பெடியன் எங்கோ பார்த்தான். பிறகு துவக்கைத் தோளில் மாற்றிக்கொண்டு விலகினான்.

ஹமீது முதலாளி முழங்கால் தண்ணீரில் நின்றபடி கையை நீட்டித் தடுத்தார். "வேண்டாம் டொக்டர். உங்கட ஊர், உங்கட சனம். நீங்கள் வந்தா இங்க ஆர் பாக்கிறது?"

"இங்க மிஸி இருக்கிறா. எல்லாம் அவவுக்குத் தெரியும். நீங்கள் ஏறுங்கோ, ஹமீது. வெயில் ஏறுது."

ஹமீது முதலாளி என்னிடம் வந்து கையைப் பிடித்தார். லொட்ஜைச் சேர்ந்தவர்கள் எங்களுக்குள் மட்டும் மறைவாகப் பிடிக்கிற அந்தப் பிடி. அத்தனை பேர் பார்க்க, பட்டப்பகலில். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நானும் பிடித்தேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பையையும் குடையையும் படகுக்குள் ஏறிவிட்ட டொக்டரிடம் கொடுத்தேன்.

பிறகு நடந்தவை எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தன. சண்டை ஓய்ந்து பாதை திறந்து, ஹமீது முதலாளி தலை முழுக்க நரைத்து மன்னாருக்குத் திரும்பி வந்தபோது அவரே சொன்னார். கற்பிட்டிக் கரை கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய நேரம் படகிலேயே நஸீமாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். டொக்டர் அடுத்த படகில் திரும்பிவிடுவதாகத்தான் இருந்தாராம். ஆனால் புத்தளத்து முகாம்களில் ஓலைக் குடிசைக்கு ஒரு கர்ப்பிணி இருந்தாள். ஒரு பிரசவம் முடிய இன்னொன்று. அங்கேயே ஒரு கதிரையும் மேசையும் போட்டு நோயாளரைப் பார்த்துக்கொண்டிருந்து, சில வருடங்களில் அங்கேயே காலமானார். இங்கே மிஸியும் நானும், சண்டை எங்களை மடு மாதா கோயிலுக்குத் துரத்தும்வரை அந்தக் கதவைத் திறந்தே வைத்திருந்தோம். நான் பெயர் சொல்லக்கூடிய எத்தனையோ பிள்ளைகள் அங்கே பிறந்தன.

அந்தக் காலையில் இது ஒன்றும் எனக்குத் தெரியாது. நனைந்த சாரத்தோடு கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். படகு தள்ளிக்கொண்டு போனது. டொக்டர் குடையை விரித்து நஸீமாவின் தலைக்கு மேல் பிடித்தார். முகங்கள் மங்கின, ஆட்கள் ஒன்றாகக் கலந்தார்கள், படகும் வெளிச்சத்தில் கரைந்தது. அந்தக் கறுத்தக் குடை மட்டும் தண்ணீருக்கு மேல் தனியாக மிதந்துகொண்டு போனது. வெயில் ஏற ஏற அது நஸீமா இருந்த பக்கமாகச் சரிந்தது. அவருடைய பாதி உடம்பு வெயிலில்தான் இருந்திருக்கும்.